மீ போடுவதா, மைசெல்ஃப் போடுவதா?

'கைண்ட்லி சென்ட் த லேப் டிப் டு செந்தில் ஆர் மைசெல்ஃப்.' திருப்பூரில் எந்த எக்ஸ்போர்ட் ஆபீஸில் உட்கார்ந்து அனுப்பிய மெயில்களைப் புரட்டினாலும் இப்படி ஒரு வரி கண்ணில் படும். துணிக்குச் சாயம் போடும் டையிங்காரருக்குப் போனதாக இருக்கலாம், சரக்கு வாங்கும் பையருக்குப் போனதாக இருக்கலாம். படிக்கிறவருக்கு விஷயம் புரிந்துவிடுகிறது, லேப் டிப்பும் (நிறம் பார்க்கச் சாயம் போட்ட சின்னத் துணித் துண்டு) நேரத்துக்கு வந்துவிடுகிறது, அதனால் யாரும் அதை நோண்டுவதில்லை. ஆனால் இதே பழக்கத்தில், ஹிம் வர வேண்டிய இடத்தில் ஹிம்செல்ஃப் போட்டு ஒரு க்ளெய்ம் மெயில், அதாவது நஷ்டஈடு விவகார மெயில், போய்விட்டால் தப்பு யாருடையது என்பதே தலைகீழாகிவிடும். ஆங்கிலத்தில் மீ, ஹிம் வகை எங்கே, மைசெல்ஃப், ஹிம்செல்ஃப் வகை எங்கே என்று கொஞ்சம் விலாவாரியாகவே பார்த்துவிடலாம்.

ஒரு பக்கம் ஐ, மீ, யூ, ஹிம், ஹெர், இட், அஸ், தெம் வகையறா. இன்னொரு பக்கம் அவற்றுக்கு செல்ஃப் ஒட்டிய கூட்டம்: மைசெல்ஃப், யுவர்செல்ஃப், ஹிம்செல்ஃப், ஹெர்செல்ஃப், இட்செல்ஃப், அப்புறம் பன்மைக்கு அவர்செல்வ்ஸ், யுவர்செல்வ்ஸ், தெம்செல்வ்ஸ். பள்ளிக்கூடத்தில் பர்சனல் ப்ரொனவுன், ரிஃப்ளெக்ஸிவ் ப்ரொனவுன் என்று இரண்டு டேபிள் போட்டு மனப்பாடம் செய்ய வைத்தார்கள். டேபிள் பலருக்கு இன்னும் நினைவிருக்கும், இரண்டுக்கும் நடுவில் எப்படித் தேர்ந்தெடுப்பது என்றுதான் யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

அடிப்படை சின்னதுதான். வேலையைச் செய்கிறவரும் அந்த வேலை போய்ச் சேருகிறவரும் ஒரே ஆள் என்றால் செல்ஃப் வரும், வேறு வேறு ஆள் என்றால் வராது. 'கவிதா கட் ஹெர்செல்ஃப்' என்றால் கவிதா தன்னையே வெட்டிக்கொண்டாள். 'கவிதா கட் ஹெர்' என்றால் வேறு ஒரு பெண்ணை வெட்டினாள். முதலாவதற்கு ஃபர்ஸ்ட் எய்ட் பெட்டி போதும், இரண்டாவதற்கு ஹெச்.ஆர். வர வேண்டும். ஹிம், ஹெர், தெம் மாதிரி மூன்றாம் ஆளைச் சொல்லும்போது இந்த வித்தியாசம் உயிர்நாடி. ஐ, யூ விஷயத்தில் அர்த்தம் மாறாது, 'ஐ கட் மீ' என்று சொன்னாலும் வெட்டுப்பட்டது நான்தான் என்று புரியும், வாக்கியம்தான் கோணலாக நிற்கும். மைசெல்ஃபிலும் யுவர்செல்ஃபிலும் நாம் தாராளமாகத் தவறுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன், தவறினாலும் அங்கே யாருக்கும் நஷ்டமில்லை.

'செந்தில் ஆர் மைசெல்ஃப்' என்கிற அந்த முதல் வரிக்கு வருவோம். அங்கே மைசெல்ஃப் எப்படி வந்தது? சின்ன வயதில் 'மீ அண்டு ரமேஷ் வென்ட் டு த ஷாப்' என்று சொன்ன பிள்ளையை டீச்சர் அதட்டி 'ரமேஷ் அண்டு ஐ' என்று திருத்துவார். திருத்தியது சரிதான். ஆனால் பிள்ளைக்கு மனதில் பதிவது 'மீ என்பது மட்டமான வார்த்தை' என்பது மட்டும். வளர்ந்து மெயில் எழுதும் காலத்தில் மீ வந்தால் கை கூசும். சிலர் ஐ பக்கம் ஓடி 'பிட்வீன் யூ அண்டு ஐ' என்பார்கள். ஐ-யா மீ-யா என்று சந்தேகம் வந்தவர்கள் இரண்டுக்கும் பொதுவாக, எதற்கு வம்பு என்று மைசெல்ஃபைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள்.

இதற்குச் சோதனை சுலபம். கூட இருக்கிற ஆளை எடுத்துவிட்டு வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். 'சென்ட் த லேப் டிப் டு மைசெல்ஃப்' என்று தனியாக யாராவது எழுதுவார்களா? 'டு மீ' என்றுதான் கை தானாக எழுதும். அப்படியென்றால் செந்திலைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தாலும் 'டு செந்தில் ஆர் மீ'. 'செந்தில் அண்டு மைசெல்ஃப் வில் விசிட் த ஃபேக்டரி' என்பதில் செந்திலை எடுத்தால் 'மைசெல்ஃப் வில் விசிட்' என்று நொண்டும், ஆகவே 'செந்தில் அண்டு ஐ'. அதுவும் பிடிக்கவில்லையா, 'ஐ வில் கம் வித் செந்தில்' என்று எழுதிவிட்டுப் போகலாம், அல்லது 'வீ' போதும். தன் பெயரைக் கடைசியில் வைப்பது ஆங்கிலத்தில் மரியாதை, இலக்கண விதி கிடையாது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் 'ஜான் ஆர் மைசெல்ஃப்' என்று எழுதுகிறார்கள், இன்று நேற்று அல்ல, நூற்றாண்டுக்கணக்காக. மெரியம்-வெப்ஸ்டர் அகராதிக்காரர்கள் இதைத் தப்பு என்று தள்ளுவதில்லை. எப்படி எழுத வேண்டும் என்று நடைநூல் எழுதுகிற கண்டிப்பான கூட்டம் இதைக் கண்டாலே முகம் சுளிக்கும். இரண்டு கட்சியும் இருக்கும்போது நாம் எந்தப் பக்கம் நிற்பது? என் கணக்கு இது: மீ போட்டால் யாரும் குறை சொல்லப் போவதில்லை, மைசெல்ஃப் போட்டால் பாதிப் பேர் சொல்வார்கள், லாபம் எதுவும் இல்லாத இடத்தில் எதற்கு ரிஸ்க். வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. மாதிரி பிழை கண்டுபிடிக்கச் சொல்கிற பரீட்சை எழுதுகிறவர்களுக்கு இன்னும் தெளிவாகச் சொல்லலாம், 'ஹீ அண்டு மைசெல்ஃப்' என்று கேள்வித்தாளில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு அங்கேதான் பிழை என்று குறியுங்கள். அங்கே போய் மெரியம்-வெப்ஸ்டர் என்ன சொல்கிறது என்று வாதாடி மார்க் வாங்க முடியாது.

மீயின் மேல் இருக்கிற பயம் பாதிக் காரணம்தான், மீதிப் பாதி மரியாதை. 'வீ ஹேவ் கூரியர்டு த ஸாம்பிள் டு யுவர்செல்ஃப்', 'ஆஸ் டிஸ்கஸ்டு வித் யுவர்செல்ஃப்' இதெல்லாம் ஐ, மீ குழப்பத்தில் வருவதே கிடையாது, ஏனென்றால் யூ எந்த இடத்திலும் யூதான், குழம்ப என்ன இருக்கிறது? வெறும் யூ என்று எழுதினால் பெரிய மனிதரை நீ என்று கூப்பிட்ட மாதிரி இருக்கிறது, அதுதான் விஷயம். கொங்குநாட்டில் பிறந்தவருக்கு இது இன்னும் உறுத்தும். எதிரில் நிற்பது எட்டு வயதுப் பையனாக இருந்தாலும் 'வாங்க, சாப்டீங்களா' என்று கேட்கிற ஊர் இது. ஆமாங்க, இல்லீங்க, சரிங்க, ஏனுங்க என்று எந்த வார்த்தையானாலும் ஒரு 'ங்க' ஒட்டாமல் வாயிலிருந்து வெளியே போகாது. ஆங்கிலத்தில் ஒட்ட ங்க இல்லை. அந்த இடத்தில் வாகாக அகப்படுகிறது செல்ஃப்.

அதுவும் சும்மா அகப்படவில்லை என்பது என் எண்ணம். நாம் கடிதத்தில் எழுதுகிற 'தாங்கள்' இருக்கிறதே, அது 'தான்' என்பதன் பன்மை. 'அவர்கள் தாங்கள் வருவதாகச் சொன்னார்கள்' என்பதில் வருகிற அதே தாங்கள். தமிழில் தன்னைச் சுட்டும் சொல்லே முன்னால் இருப்பவரை மரியாதையாக அழைக்கவும் பயன்படுகிறது. 'தாங்கள் அனுப்பிய கடிதம்' என்று எழுதிப் பழகிய கைக்கு 'த லெட்டர் சென்ட் பை யுவர்செல்ஃப்' இயல்பாக வருவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? இங்கிலாந்திலும் கஸ்டமர் கேரில் பேசுகிறவர்கள் இதே யுவர்செல்ஃபை மரியாதைக்காகப் போடுகிறார்கள், அங்கேயும் இதைக் கேட்டுப் பல்லைக் கடிப்பவர்கள் உண்டு. அயர்லாந்துக்காரர்கள் ஒரு படி மேலே போய், 'இஸ் ஹிம்செல்ஃப் அட் ஹோம்?' என்று கேட்டால் வீட்டுப் பெரியவர், எஜமான் இருக்கிறாரா என்று பொருள். பெயர் சொல்லாமல் 'அவங்க இருக்காங்களா' என்று நம் வீட்டுப் பெண்கள் கேட்பதோடு சேர்த்து வைக்கலாம்.

ஆக, மனசு சரி, எடுத்த கருவிதான் தப்பு. ஆங்கிலத்தில் மரியாதை பிரதிப்பெயரில், அதாவது ப்ரொனவுனில், உட்காராது, வினையிலும் வாக்கியத்தின் தோரணையிலும் உட்காரும். 'சென்ட் த அப்ரூவல்' என்று கட்டளையிட்டுவிட்டு 'டு மைசெல்ஃப்' என்று பணிவு காட்டுவதில் அர்த்தமில்லை. 'குட் யூ சென்ட் மீ த அப்ரூவல் பை ஃப்ரைடே?' என்று கேளுங்கள். அதில் யூவும் இருக்கிறது, மீயும் இருக்கிறது, இரண்டும் மொட்டையாகத்தான் நிற்கின்றன, படிக்கிற பையருக்கு அதில் எந்தக் குறையும் தெரியாது. யுவர்செல்ஃபை யூவின் மரியாதை வடிவமாக எழுதுவதை அடியோடு விட்டுவிடலாம் என்பேன். 'ஹெல்ப் யுவர்செல்ஃப்', 'டேக் கேர் ஆஃப் யுவர்செல்ஃப்', 'மேக் யுவர்செல்ஃப் அட் ஹோம்' இவையெல்லாம் வேறு கதை. கட்டளை வாக்கியத்தில் யூ மறைந்து நிற்கிறது, செய்கிறவரும் அவரே, போய்ச் சேருவதும் அவருக்கே, அதனால் அங்கே செல்ஃப் கட்டாயம்.

இப்போது நிஜமாகவே காசு போகிற இடம். பனியனில் பாடி ஒரு ஷேடு, காலர் ரிப் ஒரு ஷேடு என்று வந்துவிட்டது, பையர் க்ளெய்ம் போடுவேன் என்கிறார், என்ன நடந்தது என்று விசாரித்து எழுதச் சொல்கிறார்கள். டையிங் மாஸ்டர் வந்து, க்யூசி (கம்பெனியில் தரம் பார்க்கிறவர்) தன்னைக் குறை சொன்னார், ஆனால் தப்பு என்னுடையது இல்லை என்கிறார். ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் எழுதுகிறார்: 'த டையிங் மாஸ்டர் செட் தட் த க்யூசி ப்ளேம்டு ஹிம்செல்ஃப்.' பையர் ஆபீஸில் படிக்கிறவர் என்ன புரிந்துகொள்வார்? க்யூசி தன் மேலேயே தப்பை ஏற்றுக்கொண்டார் என்று. அதாவது டையிங் யூனிட்டைப் பார்த்து நீண்டுகொண்டிருந்த விரல், கம்பெனியின் சொந்தச் சோதனை ஆள் மேல் திரும்பிவிட்டது, அதுவும் எழுத்துப்பூர்வமாக. மெயிலில் பிழை பார்க்கிற மென்பொருள் இதற்குச் சிவப்புக் கோடு போடாது, ஏனென்றால் வாக்கியம் இலக்கணப்படி சுத்தமாக இருக்கிறது. அர்த்தம்தான் வேறு.

இது கவனக்குறைவும் இல்லை. தமிழ்த் 'தன்னை' ரொம்ப நீளமான கை உள்ளது. 'க்யூசி தன்னைக் குறை சொன்னதாக டையிங் மாஸ்டர் சொன்னார்' என்றால், அந்தத் தன்னை உள்வாக்கியத்தைத் தாண்டிப் போய் டையிங் மாஸ்டரைத் தொடும், நமக்கு அதில் குழப்பமே வராது. ஆங்கில ஹிம்செல்ஃப் அப்படித் தாண்டாது. 'தட்' என்று ஒரு வேலி போட்டுவிட்டால் வேலிக்குள்ளேயே தன் ஆளைத் தேடிக்கொள்ளும், உள்ளே இருக்கிற எழுவாய் க்யூசி, ஆகவே க்யூசி. 1981இல் மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி வாக்கிய அமைப்பைப் பற்றி வகுத்த பைண்டிங் தியரியில் இது முதல் விதி, செல்ஃப் வகைச் சொற்கள் தங்கள் சொந்த உள்வாக்கியத்துக்குள் தங்கள் ஆளைக் கண்டுபிடித்தாக வேண்டும். இரண்டாவது விதி அதற்கு நேர் எதிர்: ஹிம், ஹெர் போன்றவை அதே உள்வாக்கியத்துக்குள் இருக்கிற ஆளைச் சுட்டக் கூடாது, வெளியே இருக்கிற யாரை வேண்டுமானாலும் சுட்டலாம். வருடத்தை மறந்துவிட்டாலும் வேலியை மட்டும் நினைவில் வையுங்கள்.

அப்போது 'த க்யூசி ப்ளேம்டு ஹிம்' என்று எழுதினால் போதுமா? பாதி தூரம் போகும். ஹிம் என்றால் க்யூசி இல்லை என்பது உறுதி. டையிங் மாஸ்டரா, முந்தின வரியில் வந்த நிட்டிங்காரரா, ஃபேக்டரி மேனேஜரா என்பது உறுதியில்லை. பணம் சம்பந்தப்பட்ட மெயிலில் நான் இரண்டையும் எடுக்க மாட்டேன், ஆள் எந்தப் பிரிவோ அதன் பெயரையே திரும்ப எழுதுவேன்: 'த டையிங் மாஸ்டர் செட் தட் த க்யூசி ப்ளேம்டு த டையிங் யூனிட்.' படிக்க அழகாக இருக்காது, ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வருகிறதே என்று கை அரிக்கும். இருக்கட்டும். க்ளெய்ம் மெயிலில் அழகு யாருக்கு வேண்டும்?

தட் இல்லாமலும் வேலி இருக்கும் என்பது இன்னொரு சிக்கல். 'த பையர் ஆஸ்க்டு கவிதா டு கால் ஹெர்.' இங்கே கூப்பிட வேண்டியது கவிதா, கூப்பிடப்பட வேண்டியது பையரம்மா, ஆகவே ஹெர். ஹெர்செல்ஃப் என்று எழுதினால் கவிதா தனக்கே போன் போட வேண்டியதுதான். ஆஸ்க், டெல், வான்ட் வந்தால், யாரைச் செய்யச் சொன்னார்களோ அவர்தான் உள்வேலையின் எழுவாய். ப்ராமிஸ் வந்தால் மாறிவிடும், வாக்குக் கொடுத்தவரே செய்கிறவர். 'டு' வருகிற இடத்தில் எல்லாம் 'இந்த வேலையை யார் செய்யப் போகிறார்' என்று ஒரு முறை கேட்டுக்கொண்டால் பதில் வந்துவிடும். 'கவிதாஸ் மதர் ப்ளேம்டு ஹெர்செல்ஃப்' மாதிரி வாக்கியங்களில் பிரச்சினை இல்லை, தமிழைப் போலவே அம்மா தன்னைத்தான் நொந்துகொண்டார்.

சரி, விதி தெரிந்துவிட்டது என்று 'டேக் த ஸ்வாட்ச் கார்டு வித் யுவர்செல்ஃப்' என்று எழுதிவிடாதீர்கள் (ஸ்வாட்ச் கார்டு என்பது துணி மாதிரி ஒட்டிய அட்டை). எடுத்துப் போகிறவரும் அவரே, கூடப் போவதும் அவரோடுதான், ஆனாலும் ஆங்கிலம் 'வித் யூ' என்றுதான் சொல்கிறது. 'க்ளோஸ் த டோர் பிஹைண்ட் யூ', 'ஐ ஹேவ் நோ சேஞ்ச் ஆன் மீ', 'ஷீ புட் த பேக் பிசைட் ஹெர்' எல்லாம் இதே ரகம். ஒரு ஆளுக்குப் பின்னால், பக்கத்தில், கையில், கூட என்று வெறும் இடத்தைச் சொல்லும்போது சாதாரணப் பிரதிப்பெயர் போதும், ஏனென்றால் அங்கே வினை அந்த ஆள் மேல் போய் விழுவதில்லை, கதவு மேல் விழுகிறது, பை மேல் விழுகிறது. வினையும் அதன் பின்னால் வருகிற ஆஃப்டர், இன், டு போன்ற சொல்லும் சேர்ந்து ஒரே வினை மாதிரி நடந்து ஆள் மேல் விழுந்தால் செல்ஃப் திரும்ப வந்துவிடும்: 'லுக் ஆஃப்டர் யுவர்செல்ஃப்', 'பிலீவ் இன் யுவர்செல்ஃப்', 'ஹீ வாஸ் டாக்கிங் டு ஹிம்செல்ஃப்'. சால்வையைப் போர்த்திக்கொள்வது மாதிரி எல்லையில் நிற்பவற்றுக்கு 'அரவுண்ட் ஹெர்', 'அரவுண்ட் ஹெர்செல்ஃப்' இரண்டும் சரி. 'பிசைட் ஹிம்' என்றால் அவர் பக்கத்தில், 'பிசைட் ஹிம்செல்ஃப்' என்றால் கோபத்திலோ துக்கத்திலோ தன்னிலை மறந்தவர், இதை மட்டும் மாற்றிப் போட்டால் சிரிப்பாகிவிடும்.

இந்த விதிவிலக்கு எங்கிருந்து வந்தது என்பதும் சுவாரசியமானதுதான். பழைய ஆங்கிலத்தில் செல்ஃப் சேர்ந்த தனிக் கூட்டமே கிடையாது. ஹிம் என்பது 'அவனை' என்றும் 'தன்னை' என்றும் இரண்டு வேலையும் பார்த்தது, அழுத்திச் சொல்ல வேண்டும் என்றால் தனியாக 'செல்ஃப்' என்று ஒரு வார்த்தையைப் பக்கத்தில் வைப்பார்கள். நாளாக நாளாக அது ஒட்டிக்கொண்டு பிரதிப்பெயராகவே மாறிவிட்டது. இடம் சொல்கிற வாக்கியங்களில் பழைய வழக்கம் அப்படியே தங்கிவிட்டது. அமெரிக்காவின் தெற்குப் பக்கம் இன்றும் 'ஐ காட் மீ எ ட்ரக்' என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒட்டியதும் ஒழுங்காக ஒட்டவில்லை, மை-செல்ஃப் என்பதில் 'என்', ஹிம்-செல்ஃப் என்பதில் 'அவனை'. ஹிஸ்செல்ஃப், தெயர்செல்வ்ஸ் என்று நம் பிள்ளைகள் எழுதினால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது, சில வட்டார ஆங்கிலத்தில் அப்படியே புழங்குகிறது, பரீட்சையில் மட்டும் எழுத வேண்டாம்.

ஆபீஸ் மெயில்களில் அடுத்ததாக அடிக்கடி மாட்டுவது 'பை'. 'த ஸாம்பிள் வாஸ் செக்டு பை மைசெல்ஃப்.' இதில் சொல்ல வந்தது நானே பார்த்தேன் என்பது. ஆனால் அந்த இடத்தில் வேண்டியது 'பை மீ'. அழுத்தம் வேண்டும் என்றால் வாக்கியத்தைத் திருப்பி 'ஐ செக்டு த ஸாம்பிள் மைசெல்ஃப்' என்று எழுத வேண்டும், அங்கே செல்ஃப் பிரமாதமாக உட்காரும், வேறு யாரையும் நம்பி விடவில்லை, நானே பார்த்தேன் என்று பொருள். 'ஐ செக்டு த ஸாம்பிள் பை மைசெல்ஃப்' என்றால் கொஞ்சம் மாறி, துணைக்கு யாரும் இல்லாமல் தனியாகப் பார்த்தேன் என்று ஆகும், இதைப் படிக்கிற பையர் 'ஏன், இன்னொரு ஆள் இல்லையா' என்று யோசிக்கலாம். ஒரு பை இருக்கிறதா இல்லையா என்பதில் இவ்வளவு இருக்கிறது. அழுத்தத்துக்காகப் போடும் செல்ஃபை எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கும், 'ஐ செக்டு த ஸாம்பிள்' நிற்கிறது பாருங்கள். 'கவிதா கட் ஹெர்செல்ஃப்' என்பதில் ஹெர்செல்ஃபை எடுத்தால் எதை வெட்டினாள் என்று தொங்கும். அலங்காரமா அவசியமா என்று பார்க்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

கோயமுத்தூர்ப் பக்கம் இன்டர்வியூவுக்குப் போகிற பிள்ளைகளிடம் மறுபடி மறுபடி கேட்கிற 'மைசெல்ஃப் கார்த்திக், ஃப்ரம் பொள்ளாச்சி' விஷயமும் பார்த்துவிடலாம். கேள்வி 'டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்' என்று வருகிறது. கேள்வி அழகான ஆங்கிலம், சொல்கிறவர் நீங்கள், சொல்லப்படுவதும் உங்களைப் பற்றி, ஆகவே யுவர்செல்ஃப், கேட்கிறவர் வேறு ஆள், ஆகவே மீ. பதிலில் யுவர்செல்ஃபை மைசெல்ஃப் ஆக்கினால் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். போதாததற்கு இரண்டாம் வகுப்பிலேயே 'மைசெல்ஃப்' என்று தலைப்புப் போட்டுப் பத்து வரி எழுதி ஒப்பித்தவர்கள் நாம், அது போக 'நான் கார்த்திக்' என்று சொல்ல நமக்கு நடுவில் ஒரு வினை தேவைப்படுவதில்லை. இந்தியா முழுக்க இப்படித்தான் சொல்கிறார்கள், எல்லோருக்கும் புரிகிறது, இதற்காக யாரும் வேலையை மறுப்பார்கள் என்று நான் பயமுறுத்த மாட்டேன். ஆனால் மாற்று வழி இவ்வளவு சின்னதாக இருக்கும்போது ஏன் எடுக்கக் கூடாது? நேரில் என்றால் 'ஐ ஆம் கார்த்திக்'. போனில் என்றால் 'திஸ் இஸ் கார்த்திக்'. 'மை நேம் இஸ் கார்த்திக்' எங்கேயும் செல்லும். மைசெல்ஃபை விட மனசில்லை என்றால் 'லெட் மீ இன்ட்ரொட்யூஸ் மைசெல்ஃப்' என்று ஒரு வரி போட்டுக்கொள்ளுங்கள், அதில் மீயும் மைசெல்ஃபும் இரண்டுமே தத்தம் இடத்தில் சரியாக இருக்கின்றன.

வினைகளில் சில செல்ஃபைக் கேட்டு வாங்கும், சில வாங்கவே வாங்காது. தமிழில் வினைக்குப் பின்னால் 'கொள்' போட்டுச் சமாளிக்கிறோம், குளித்துக்கொண்டேன், உடுத்திக்கொண்டேன். ஆங்கிலத்தில் வாஷ், ஷேவ், ட்ரெஸ் எல்லாம் தனியாகவே நிற்கும். 'ஷீ கேன் ட்ரெஸ் ஹெர்செல்ஃப் நௌ' என்றால் குழந்தை வளர்ந்து தானே உடுத்தப் பழகிவிட்டது என்கிற பெருமை. 'ஐ ஃபீல் மைசெல்ஃப் டயர்டு', 'கான்சன்ட்ரேட் யுவர்செல்ஃப்' இரண்டிலும் செல்ஃப் வேண்டாம். எதிர்ப்பக்கம் என்ஜாய். கொடிவேரிக்குப் போய் அருவியில் ஆடிவிட்டு மீன் தின்றுவிட்டு வந்து 'வீ என்ஜாய்டு எ லாட்' என்று ஸ்டேட்டஸ் போடுகிறோம், அதற்கு 'வீ என்ஜாய்டு அவர்செல்வ்ஸ்' என்றோ 'வீ என்ஜாய்டு த ட்ரிப்' என்றோ ஏதாவது ஒன்றைக் கொடுக்க வேண்டும். ஸ்டேட்டஸ்தானே, விடுங்கள். அவெயில் கதை இன்னும் வேடிக்கை. கோயமுத்தூர்க் கடைவீதியான கிராஸ் கட் ரோட்டில் தீபாவளிக்கு ஒரு தட்டி விடாமல் 'அவெயில் த டிஸ்கவுண்ட்' என்று எழுதியிருக்கும், இலக்கணப் புத்தகம் 'அவெயில் யுவர்செல்ஃப் ஆஃப் த டிஸ்கவுண்ட்' என்று கேட்கும். இந்தியாவில் செல்ஃப் இல்லாத அவெயில் நிலைத்துவிட்டது, வெளிநாட்டுக்குப் போகிற மெயிலில் மட்டும் இரண்டையும் விட்டுவிட்டு 'யூஸ்' அல்லது 'டேக்' என்று எழுதுவதுதான் புத்திசாலித்தனம்.

தெம்செல்வ்ஸ் என்று எழுதும் முன் ஈச் அதர் வேண்டுமா என்று பாருங்கள். டையிங் யூனிட்டும் நிட்டிங் யூனிட்டும் ஒருத்தர் மேல் ஒருத்தர் பழி போடுவது நம் ஊரில் வாடிக்கை. 'தே ஆர் ப்ளேமிங் தெம்செல்வ்ஸ்' என்று எழுதினால் இரண்டு யூனிட்டும் எங்கள் தப்புதான் என்று தலையில் அடித்துக்கொள்வதாக ஆகிவிடும், திருப்பூர் தோன்றிய நாளிலிருந்து நடக்காத அதிசயம் அது. 'ஈச் அதர்' போடுங்கள். 'தே செட்டில்டு இட் அமங் தெம்செல்வ்ஸ்', தங்களுக்குள் முடித்துக்கொண்டார்கள் என்பது மட்டும் சரி.

இரண்டும் செல்லும் இடங்களும் உண்டு, அங்கே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 'பீப்பிள் லைக் மீ', 'பீப்பிள் லைக் மைசெல்ஃப்' இரண்டும் நல்ல ஆங்கிலம். 'ஆஸ் ஃபார் மீ', 'ஆஸ் ஃபார் மைசெல்ஃப்' அதே மாதிரி. 'நோ ஒன் பட் மைசெல்ஃப்' கூட. இவற்றில் மைசெல்ஃப் கொஞ்சம் சபை நாகரிகமாக ஒலிக்கும், மீ சட்டென்று இருக்கும், நான் மீயைத்தான் எடுப்பேன், சின்ன வார்த்தை கிடைக்கும்போது பெரியதைத் தூக்கிச் சுமப்பானேன். உடைமை சொல்லும்போது மட்டும் ஆங்கிலம் கையை விரித்துவிடும், 'தன் வண்டி', 'அவன் வண்டி' இரண்டுக்கும் 'ஹிஸ் பைக்' ஒன்றுதான், 'ஹிம்செல்ஃப்ஸ்' என்று ஒன்று கிடையாது. தன் சொந்த வண்டி என்று அடித்துச் சொல்ல வேண்டும் என்றால் 'ஹிஸ் ஓன் பைக்'.

மெயிலை அனுப்பும் முன் செல்ஃப் என்று தேடிப் பாருங்கள், ஒரு மெயிலில் இரண்டு மூன்றுக்கு மேல் இருக்காது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் போய் அந்த வேலையைச் செய்கிறவர் யார் என்று பார்த்து, அதே ஆள் இல்லை என்றால் செல்ஃபை வெட்டிவிடலாம். அப்புறம் பெறுகிறவர் ஒருத்தரா பலரா என்றும் ஒரு பார்வை, பையர் டீமே ஃபேக்டரிக்கு வந்திருக்க, நாம் டீ, பிஸ்கட் எல்லாம் எடுத்து வைத்திருக்கும்போது 'ப்ளீஸ் ஹெல்ப் யுவர்செல்ஃப்' என்றால் ஒருத்தருக்கு மட்டும் சொன்னதாகும், அங்கே யுவர்செல்வ்ஸ்.